அடுக்களைத் தரையில் தண்ணீர்

அம்மா இறந்த மறுநாள் காலையில் அடுக்களைத் தரை நனைந்து கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் யாராவது குடத்தைத் தட்டிவிட்டிருப்பார்கள் என்று சற்குணம் அத்தை பழைய சாக்கைப் போட்டுத் துடைத்தாள். அதற்கு அடுத்த நாளும் நனைந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாளும். பிறகு யாரும் குடத்தைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா விழுந்தது அங்கேதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சத்தமே இல்லை என்று அவருக்குத் தோன்றியபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். தந்தி கிடைத்து, பஸ் மாறி, திருவனந்தபுரம் வந்து கரமனை வீட்டுக்குள் நுழையும்போது சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தது, அவள் விழுந்த இடத்தில் எரிந்த விளக்கையும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரையும்தான்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் அது வழக்கம். உயிர் போன இடத்தில் பதினாறாம் நாள் கழியும்வரை விளக்கு அணையக்கூடாது. செம்பில் தண்ணீர் குறையக்கூடாது. போனவர்களுக்குத் தாகம் இருக்கும். இன்னொன்றும் உண்டு. அவர்கள் கடைசியாகக் கை வைத்த பொருளைப் பதினாறுவரை யாரும் அசைக்கக்கூடாது. பெரியப்பா இறந்தபோது அவர் பாதி மடித்த வேட்டி கொடியிலேயே கிடந்தது. காற்றில் விழுந்துவிடுமோ என்று பெரியம்மா அதற்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மா கடைசியாகக் கை வைத்தது பாத்திரம் கழுவும் மெஷினில்.

அதை நான்தான் கொண்டுவந்தேன். கம்பெனி என்னை ஒரு வருஷம் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. எழுபத்தெட்டில் திரும்பும்போது கப்பலில் சாமானோடு சாமானாக ஏற்றிவிட்டேன். கொச்சியிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது தெருவே கூடியது. பக்கத்து வீட்டு சரசம்மா சுற்றிச் சுற்றி வந்து, என்னிடம், "இது ஃபிரிட்ஜாணோ மோளே?" என்று கேட்டாள். அம்மா, "இல்ல சரசம்மா, வேலைக்காரி. ஜெர்மனியில இருந்து வந்திருக்கா. சம்பளம் வேண்டாம், சோறும் வேண்டாம்" என்றாள்.

அன்றிலிருந்து அதன் பெயர் மதாம்மா. வெள்ளைக்காரி, வெள்ளை நிறம், மூலையில் அசையாமல் நிற்கிறாள். அம்மா அதை ஒரு விருந்தாளியைப் போலத்தான் நடத்தினாள். தட்டையும் டம்ளரையும் முதலில் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தானே தேய்த்துக் கழுவுவாள். அப்புறம்தான் மெஷினுக்குள் அடுக்குவாள்.

"கழுவினதை எதுக்கும்மா திரும்பக் கழுவுத?" என்று கேட்டேன்.

"பின்ன? வந்தவ கையில எச்சித் தட்டையா கொடுக்கச் சொல்லுத?"

நான் லீவில் வரும்போது மட்டும்தான் எனக்காக ஓட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. தினமும் மத்தியானம் ஒரு தடவை ஓடும் என்று அப்பா சொன்னார். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்துவிடும் என்பதால் மத்தியானம். தட்டுகள் இரண்டே இரண்டு இருந்தாலும் ஓடும். ஓடும்போது எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்பாளாம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து வேறொருவர் வேலை செய்ய, தான் உட்கார்ந்து பார்த்த நேரம் அவளுக்கு அது ஒன்றுதான்.

அவள் பெயர் பகவதி. தேரூர்க்காரி. என் அப்பாவின் பெயர் தாணுமாலையன். சாலை என்று சொல்லும் பஜாரில் குழாய்ச் சாமான் கடையில் விற்பனைக்கு நின்றார். கல்யாணமான புதிதில் பஜாருக்குப் பின்னால் ஒற்றை அறைகள் வரிசையாக இருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். வரிசைக்கே ஒரு குழாய். அதிகாலை கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். பிடித்தவர்கள் சரியாக அடைக்காமல் போனால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் வீடு கடைசி வீடு. நான் பிறந்தது அங்கே. அதனால் அம்மா எங்கே போனாலும், கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும், சொட்டும் குழாயைப் பார்த்தால் நின்று அடைத்துவிட்டுத்தான் நகர்வாள். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அடைத்துவிட்டு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் திட்டினான். "ஒனக்க வீட்டுல தண்ணி நெறைய வரும் போல" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

அப்படிப்பட்டவளின் அடுக்களையில் தினமும் காலையில் தண்ணீர்.

சற்குணம் அத்தை அப்பாவின் தங்கை. காரியங்களை நடத்தித் தர நாகர்கோவிலிலிருந்து வந்து தங்கியிருந்தாள். முதலில் முடிவுக்கு வந்தவள் அவள்தான்.

"மயினிக்கு மனசு ஆறல. தட்டு உள்ளயே கெடக்குல்லா? முடிச்சிட்டுப் போகலாம்னு வாறா."

சரசம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சேச்சி இவிடத்தன்னே உண்டு கேட்டோ. விடியக்காலம் வளச் சத்தம் ஞான் கேட்டு" என்றாள். அம்மாவின் வளையல் சத்தமாம். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. பயத்தாலா பிரியத்தாலா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் அடுக்களை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தைகளை உள்ளே விடவில்லை. அத்தை பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து கோலப்பன் என்பவரை வரவழைக்க ஏற்பாடு செய்தாள். பேயைக் கட்டுகிறவர். பதினாறு கழிந்த மறுநாள் வந்து, தண்ணீர் தேங்கும் இடத்தில் ஆணி அடித்து, மந்திரம் சொல்லி நிறுத்திவிட்டுப் போவார்.

"அத்தை, அம்மா யாருக்கு என்ன கெடுதல் செஞ்சா?"

"நல்லவதான். நான் இல்லைன்னா சொன்னேன்? நல்லவளா இருந்தா மட்டும் போதுமா, போகவும் செய்யணும்லா?"

நான் அழவில்லை. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவை அவள் அடுக்களையிலேயே பேய் என்று சொல்லி ஆணி அடிக்கப் போகிறார்கள். அதற்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும்.

அப்பாவிடமிருந்து உதவி இல்லை. விடியும்போது நான் எழுந்து வந்தால் அவர் ஏற்கெனவே அடுக்களையில் இருப்பார். ஈரத்தின் ஓரத்தில், வெறுந்தரையில். உள்ளங்கையைத் தண்ணீரில் விரித்து வைத்திருப்பார். விளக்கு வெளிச்சம் அந்தத் தண்ணீரில் ஆடும்.

"அப்பா, எந்திரிங்க. சளி பிடிக்கும்."

"ஒனக்க அம்மைக்க தண்ணி, மக்ளே. கெடக்கட்டும்."

அத்தை சாக்கோடு வந்தால் அவளையும் துடைக்க விடமாட்டார். வெயில் ஏறி அது தானாகக் காயும்வரை உட்கார்ந்திருப்பார். அதுவரை காப்பிகூடக் குடிக்கமாட்டார். முகம் ஒடுங்கிக்கொண்டே வந்தது.

முறையாகத் தேடினேன். மழை இல்லை, ஆகவே கூரை இல்லை. சுவர் காய்ந்திருந்தது, ஆகவே சுவருக்குள் போகும் குழாய் இல்லை. கழுவும் தொட்டியின் அடிக்குழாயில் துணி சுற்றிப் பார்த்தேன். துணி காய்ந்தே இருந்தது. மீதி மெஷின்தான். ஆனால் அதன் பிளக்கே செருகப்படவில்லை. அம்மா விழுந்தபோது சுவிட்ச் போட்டிருக்கவில்லை.

"ஓடாத மெஷின் எப்பிடி ஒழுகும்?" என்றாள் அத்தை.

சரியான கேள்வி.

சாயங்காலம் தரையைத் துடைத்துக் காயவிட்டு, கோலப்பொடியை எடுத்தேன். கழுவும் தொட்டியைச் சுற்றி ஒரு கோடு, சுவரோரமாக ஒரு கோடு, மெஷினைச் சுற்றி ஒரு கோடு இழுத்தேன். தண்ணீர் எந்த இடத்தில் முதலில் வருகிறதோ அந்த இடத்தில் பொடி கரைந்திருக்கும். அத்தை வாசலில் வந்து நின்று தலையில் கை வைத்தாள்.

"ஏட்டி! பதினாறு கழியல, சாவு வீட்டுல கோலமா போடுத?"

"கோலம் இல்ல அத்தை. கோடு."

"கோடு போட்டா பேய் தாண்டாதுன்னு ஜெர்மனியில சொல்லிக் கொடுத்தானாக்கும்?"

"தண்ணி எங்க தாண்டுதுன்னு பாக்கேன்."

"பாரு, பாரு. படிச்சவ வீட்டுப் பேய்க்கும் பரீட்சை வைக்கணும்லா."

காலையில் தொட்டியைச் சுற்றிய கோடு முழுசாக இருந்தது. சுவரோரக் கோடும் முழுசாக இருந்தது. மெஷினைச் சுற்றிய கோடு ஒரே இடத்தில், கதவுக்கு நேர் கீழே, ஒரு கையகலத்துக்குக் கரைந்து போயிருந்தது. தண்ணீர் மெஷினுக்குள்ளிருந்து, கதவின் கீழ் விளிம்பு வழியாக நிரம்பி வழிகிறது. அப்பா வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். கரைந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

உள்ளே தண்ணீர் ஏறுகிறது என்றால் அதற்கு வழி ஒன்றுதான். சுவரில் ஒரு குழாய், அதிலிருந்து ரப்பர் ஹோஸ், ஹோஸ் முடிவில் மெஷினுக்குள் ஒரு வால்வு. மின்சாரம் வந்தால் அந்த வால்வு திறக்கும், நின்றால் மூடும். அதை இறுக்கி மூடி வைப்பது தண்ணீரின் அழுத்தம். மேலிருந்து வரும் தண்ணீரே ஒரு ரப்பர் வட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் அந்த அழுத்தம் உண்டு. எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு அடுக்களையிலிருந்து என்ன உயரம் இருக்கிறது? ரப்பர் புதிதாக, மெத்தென்று இருக்கும்வரை அந்த அழுத்தம் போதும். வருஷங்கள் போய் ரப்பர் விறைத்துவிட்டால் போதாது. கசியும். கார்ப்பரேஷன் தண்ணீர் ராத்திரியில்தான் வந்து தொட்டியை நிரப்புகிறது. பகலில் வீடு நிறைய ஆட்கள் குளித்துக் கழுவித் தொட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள். அதனால் காலையில் மட்டும் ஈரம்.

எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒன்றைத் தவிர. ரப்பர் அம்மா இறந்த அன்றைக்கா விறைத்தது? அதற்கு முன்னால் ஏன் ஒரு நாள்கூட ஒழுகவில்லை?

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

குழாய் உள்ளே, எட்டாத இடத்தில் இருந்தது. பித்தளைத் திருகுப்பிடி. தண்டெல்லாம் பச்சை பிடித்திருக்க, பிடியின் விளிம்பு மட்டும் மோதிரம்போலப் பளபளத்தது. அதற்குப் பக்கத்தில், வெள்ளையடித்த சுவரில், வளைவாக ஒரு தேய்மானம். கோடு கோடாகக் கீறி, சுண்ணாம்பு போய், உள்ளிருந்த சிமெண்டு தெரிந்தது. ஒரு கை அந்த இடுக்கில் நுழைந்து திரும்பும்போது வளையல் உரசும் இடம். தினமும் நுழைந்திருந்தால் ஒழிய அப்படித் தேயாது.

மெஷின் ஓடுவதற்கு முன் திறந்திருக்கிறாள். ஓடி முடிந்ததும் அடைத்திருக்கிறாள். வால்வு எப்போதிலிருந்து கசிகிறதோ தெரியாது. அவள் கை அதை வெளியே தெரியவிடவில்லை. அன்றைக்குத் திறந்தாள். அடைக்க வரவில்லை.

டார்ச்சைத் தரையில் வைத்தேன். பிறகு கையை உள்ளே விட்டேன். விரல் பித்தளையைத் தொட்டது. குளிர்ந்திருந்தது.

"அதை விடு, மக்ளே."

அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"அப்பா, இது திறந்து கெடக்கு."

"தெரியும்."

"இதுல இருந்துதான் தண்ணி வருது."

"ஆயுசு பூரா குழாய் வித்தவன் நான். தண்ணி எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப முதல் நாளே அடைச்சிருக்கலாமே?"

"அவ திறந்தது. நான் எப்பிடி அடைக்க?"

நான் கையை வெளியே எடுத்தேன்.

"கோலப்பன் வந்து அம்மாவைக் கட்டப் போறாரு. அதுவும் தெரியுமா?"

"தெரியும். சற்குணத்துக்கிட்ட விஷயத்தைச் சொன்னா அவ உடனே ஓடி வந்து அடைச்சிருவா. சொல்லாட்டா ஆணி அடிப்பா." அவர் திரும்பத் தரையில் உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டும் முடியல, மக்ளே. நீயே சொல்லு, நான் என்ன செய்ய?"

அப்பா என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

வால்வைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் குழாயை அடைக்க வேண்டும். எந்தப் பிளம்பரும் அதைத்தான் செய்வான். குழாயை அடைக்காமலே செய்ய இன்னொரு வழி இருந்தது. முட்டாள்தனமான வழி. மேலே தொட்டியில் தண்ணீரே இல்லையென்றால் குழாய் திறந்திருந்தாலும் ஒன்றுதான், அடைத்திருந்தாலும் ஒன்றுதான்.

"அப்பா, குழாய் திறந்தபடியே இருக்கட்டும். தொட்டியைக் காலி பண்ணிட்டு வால்வை மட்டும் சரி பண்ணுதேன். அப்பறம் கசியாது."

அவர் யோசித்தார். கடைக்காரரின் முகம் வந்தது.

"ரப்பருதான?"

"ஆமா."

"நம்ம கடையில கேளு. கேஸ்கட்டுக்கு வெட்டுற ஷீட்டு இருக்கும். கருப்பு வேண்டாம், விறைப்பு. செவப்பு வாங்கு. நகத்தால அமுக்கிப் பாரு, குழி விழுந்து எந்திரிக்கணும். பழசைக் கையில கொண்டு போ, தடிமனுக்கு."

பழசைக் கழற்றத் தொட்டி காலியாக வேண்டும். தொட்டிக்கு வரும் வழியை அடைத்துவிட்டு, குளியலறைக் குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். முற்றம் நிறைந்து தெருவரை ஓடியது. அத்தை ஓடி வந்தாள்.

"சண்டாளி! தாகத்தோட போனவ வீட்டுல தண்ணிய இப்பிடிக் கொட்டுதியே!"

அவளிடம் வால்வு பழுது என்று மட்டும் சொன்னேன். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. மெஷினின் அடிப்பலகையைக் கழற்றித் தரையில் படுத்தேன். அப்பா டார்ச் பிடித்தார். வட்டு வெளியே வந்தது. நினைத்தபடியே காய்ந்த தோல்போல விறைத்திருந்தது. விளிம்பில் ஒரு வெடிப்பு. சாலை பஜாருக்குப் போய்ச் சிவப்பு ஷீட் வாங்கி வந்து, பழையதை மேலே வைத்து வரைந்து, பிளேடால் வெட்டினேன். நடுத்துளையை ஊசியைக் காய்ச்சிப் போட்டேன். அச்சில் வார்த்த அசலுக்கு இணையாகாது. சில மாதம் தாங்கும்.

ராத்திரி தொட்டி நிறைந்தது. காலையில் தரை காய்ந்திருந்தது. மறுநாளும் காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் அத்தை தானே குனிந்து, மூக்கு தரையில் படும்படி பார்த்தாள். விறைத்த பழைய வட்டை அவள் கையில் வைத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு சவம், என்ன பாடு படுத்திட்டு" என்றாள். கோலப்பனுக்கு வர வேண்டாம் என்று ஆள் போனது. சரசம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "அப்போ வளச் சத்தமோ?" என்று கேட்டாள்.

அப்பா மட்டும் விடியும்போது வந்து உட்காருவதை விடவில்லை. காய்ந்த தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார்.

"இப்பம் ஒண்ணுமே வரலியே, மக்ளே" என்றார் ஒரு நாள். புகாராகச் சொல்லவில்லை. நான் நன்றாக வேலை செய்திருக்கிறேன் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். என் வாழ்க்கையில் எந்த வேலைக்காகவும் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பதினாறு கழிந்தது. விளக்கை எடுத்தார்கள், செம்பை எடுத்தார்கள். உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அத்தை மெஷின் கதவைத் திறக்கப் போனாள். அப்பா தடுத்தார்.

"சற்குணம், நீ கொஞ்சம் வெளிய இரு."

அத்தை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அப்பா என்னிடம் திரும்பினார்.

"அவ விட்ட இடத்துல இருந்து ஓட்ட முடியுமா?"

பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். மெஷின் முதலில் தேங்கியிருந்த பழைய தண்ணீரை இருமி இருமி வெளியே தள்ளியது. ஒரு நிமிஷம் அமைதி. பிறகு சுவருக்குப் பின்னால், திறந்து கிடந்த அந்தக் குழாய் வழியாக, புதுத் தண்ணீர் பாய்ந்து வரும் சத்தம் கேட்டது. அப்பா முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நான் வாசலில் நின்றேன்.

மெஷின் நின்றதும் கதவைத் திறந்தேன். ஆவி வந்தது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு கரண்டி. அப்பா ஒவ்வொன்றாக வாங்கித் துண்டால் துடைத்து அலமாரியில் வைத்தார்.

"முடிஞ்சுட்டு. இனி அடைக்கணும்லா" என்றார்.

நான் முன்னால் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, இடுக்குக்குள் கையை விட்டார். அவர் கை தடிமன். பாதியில் சிக்கியது. மெஷினைக் கொஞ்சம் நகர்த்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தோல் உரசுவது எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு திருகினார். மெதுவாகத்தான் திருகினார். முழுவதும் அடைந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

மறுநாள் விடியும்போது அவர் அடுக்களைக்கு வரவில்லை. அறையில் அவர் தூங்கும் மூச்சு கேட்டது. நான் எழுந்து போய் நின்றேன். விளக்கில்லாத அடுக்களை இருட்டாக இருந்தது. குனிந்து தரையில் கை வைத்தேன். எங்கும் ஈரமில்லை. மெஷின் அடியிலும் தடவிப் பார்த்தேன். கதவோரத்திலும் பார்த்தேன்.

அத்தை எழுந்து வந்து, "என்னட்டி தேடுத?" என்று கேட்டாள்.